வீட்டிலேயே செய்துகொள்ளும் கோவிட் பரிசோதனை: எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது

மருந்துக் கடையில் வாங்கிய கிட்டில் இரண்டு கோடுகள் விழுந்தால் (பாசிட்டிவ், அதாவது தொற்று உண்டு) நம்புங்கள். ஒரே கோடு விழுந்தால் (நெகட்டிவ்), அந்த ஒரு முடிவை மட்டும் வைத்துக்கொண்டு வயதானவர் படுத்திருக்கும் அறைக்குள் போகாதீர்கள். இந்த வழிகாட்டியின் சாரம் இந்த இரண்டு வரிகள்தான். ஆனால் காரணம் புரியாமல் விதியை மட்டும் மனப்பாடம் செய்தால், காய்ச்சலும் பதற்றமுமாக இருக்கும் நேரத்தில் அது கைகொடுக்காது. எனவே கிட்டில் உள்ள பட்டைக்குள் நடப்பதிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

வீட்டுக் கிட் செய்வது விரைவு ஆன்டிஜென் பரிசோதனை, அதாவது வைரஸின் புரதத்தைத் தேடும் பரிசோதனை. தமிழ்நாட்டில் பலருக்கு இது சற்றுத் தாமதமாகத்தான் அறிமுகமானது. 2020இல் தில்லியும் பீகாரும் விரைவு ஆன்டிஜென் பரிசோதனையைப் பெருமளவில் நடத்திக்கொண்டிருந்தபோது, தமிழ்நாடு அரசு ஆர்டி-பிசிஆர் பரிசோதனையையே முழுக்கச் சார்ந்திருந்தது. 2021 மே மாதம், இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, புனேயைச் சேர்ந்த மைலேப் நிறுவனத்தின் கோவிசெல்ஃப் கிட்டை வீட்டில் பயன்படுத்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஒப்புதல் அளித்தது. அப்போது விலை 250 ரூபாய். அதன் பிறகு வேறு பல நிறுவனங்களின் கிட்டுகளும் வந்தன. சிங்கப்பூரில் அதே 2021 ஜூன் மாதத்திலிருந்து மருந்துக் கடைகளில் இதே வகைக் கிட்டுகள் ‘ஏஆர்டி’ (ஆன்டிஜென் விரைவுப் பரிசோதனை) என்ற பெயரில் விற்பனையாகி, பின்னர் அரசே வீடுவீடாக அனுப்பியது. அங்குள்ள நம் உறவினர்களுக்கு ‘ஏஆர்டி எடுத்தாயா?’ என்று கேட்பது அன்றாடப் பேச்சாகிவிட்டது.

பட்டைக்குள் நடப்பது என்ன?

ஆர்டி-பிசிஆர் பரிசோதனை வைரஸின் மரபணுத் துணுக்கைத் தேடி, அதைப் பலமுறை பெருக்கிப் பார்க்கிறது. அதனால் மாதிரியில் மிகக் கொஞ்சமாக இருந்தாலும் பிடித்துவிடும். வீட்டுக் கிட்டில் அந்தப் பெருக்கம் கிடையாது. வைரஸின் உள்ளே இருக்கும் நியூக்ளியோகாப்சிட் என்ற புரதத்தை அது தேடுகிறது; அதுவும் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவைத்தான் பார்க்கிறது.

கிட்டில் உள்ள திரவத்தில் சளி மாதிரியைக் கலக்கும்போது வைரஸ் உடைந்து புரதம் வெளியே வருகிறது. அந்தத் திரவத்தை அட்டையின் குழியில் சொட்டு சொட்டாக விட்டால், உள்ளே இருக்கும் வெள்ளைப் பட்டை வழியாக அது ஊர்ந்து மேலேறும். வழியில் நிறத்துகள் ஒட்டிய ஆன்டிபாடிகள் (குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பற்றிக்கொள்பவை) காத்திருக்கின்றன. வைரஸ் புரதம் இருந்தால் இவை அதைப் பற்றிக்கொண்டு சேர்ந்தே நகரும். ‘டி’ என்று எழுதிய இடத்தில் வேறொரு ஆன்டிபாடி வரிசை அசையாமல் பதிக்கப்பட்டிருக்கிறது. அது புரதத்தின் மறுபக்கத்தைப் பிடித்து நிறுத்தும். போதுமான அளவு சேர்ந்தால் கண்ணுக்குத் தெரியும் கோடு உருவாகும். மிஞ்சிய நிறத்துகள் மேலும் நகர்ந்து ‘சி’ என்ற இடத்தில் நிற்கும். அங்கே விழுவது கட்டுப்பாட்டுக் கோடு.

இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒரு விஷயம் இருக்கிறது. ‘சி’ கோடு விழுந்துவிட்டால் பரிசோதனையைச் சரியாகச் செய்துவிட்டதாக நினைக்கிறோம். அந்தக் கோடு சொல்வது, திரவம் பட்டையில் சரியாக ஓடியது, ஆன்டிபாடிகள் வேலை செய்யும் நிலையில் இருக்கின்றன என்பதை மட்டுமே. குச்சி உங்கள் மூக்குக்குள் போனதா, அதில் சளி ஒட்டியதா என்பதை அது பார்ப்பதே இல்லை. குச்சியை மூக்கருகே கொண்டுபோகாமல் அப்படியே திரவத்தில் முக்கி எடுத்தாலும் ‘சி’ கோடு அழகாக விழும், ‘டி’ காலியாக இருக்கும். அதைப் பார்க்கிறவர் ‘நெகட்டிவ்’ என்று நிம்மதி அடைவார். ஆகவே மாதிரி எடுக்கும் அந்த ஒரு நிமிடத்துக்கு முழுப் பொறுப்பும் உங்களுடையது. பட்டை உங்களைத் திருத்தாது.

எண்கள் என்ன சொல்கின்றன?

இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். தொற்று உள்ள 100 பேரில் எத்தனை பேரை இந்தக் கிட் பிடிக்கும்? தொற்று இல்லாத 100 பேரில் எத்தனை பேரைச் சரியாக ‘இல்லை’ என்று சொல்லும்? பெட்டியின் மேல் ‘துல்லியம்’ என்று ஒரே எண் பெரிதாக அச்சிட்டிருந்தால் அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். நிறுவனங்கள் தரும் எண்கள் பெரும்பாலும் அறிகுறி தொடங்கிய முதல் சில நாட்களில், வைரஸ் மிகுந்திருக்கும் மாதிரிகளில் கிடைத்தவை.

இரண்டாவது கேள்விக்கு விடை மிக நன்றாக இருக்கிறது. உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அமைப்பின் 2022 அறிக்கைப்படி, தொற்று இல்லாதவரைச் சரியாகச் சொல்லும் திறன் சராசரியாக 99 சதவீதத்துக்கும் மேல்.

முதல் கேள்விக்கான விடைதான் கவலை தருவது. அறிகுறி உள்ளவர்களில் சராசரியாக 73 சதவீதம் பேரை மட்டுமே இந்தப் பரிசோதனைகள் பிடித்தன. அறிகுறி இல்லாதவர்களில் அது 55 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. அறிகுறி தொடங்கிய முதல் வாரத்தில் செய்தால் சுமார் 81 சதவீதம். இரண்டாம் வாரத்தில் 54 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. ஒரே தொழிற்சாலையில் தயாரான ஒரே கிட், எந்த நாளில் திறக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து நல்ல கருவியாகவோ நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்குச் சமமானதாகவோ ஆகிவிடுகிறது. இந்தியாவிலும் இதே நிலைதான். 2020 ஜூனில் ஐசிஎம்ஆர் முதன்முதலில் ஒப்புதல் அளித்த ஆன்டிஜென் கிட்டை ஐசிஎம்ஆரும் எய்ம்ஸும் சோதித்தபோது, தொற்றைப் பிடிக்கும் திறன் 50.6 முதல் 84 சதவீதம் வரை இருந்தது.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். கோவிட் பரவிக்கொண்டிருக்கும் ஒரு மாதத்தில் இருமலும் காய்ச்சலுமாக 1000 பேர் பரிசோதித்துக்கொள்கிறார்கள், அவர்களில் 200 பேருக்கு உண்மையிலேயே கோவிட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 73 சதவீதக் கணக்கில் 146 பேருக்கு இரண்டு கோடுகள் விழும். 54 பேர் தப்பிவிடுவார்கள். தவறான பாசிட்டிவ் ஆயிரத்துக்கு நான்கு என்று வைத்துக்கொண்டால், தொற்று இல்லாத 800 பேரில் மூன்று நான்கு பேருக்குத்தான் அப்படி வரும். ஆக, பாசிட்டிவ் வந்த சுமார் 150 பேரில் ஏறக்குறைய எல்லோருக்குமே கோவிட் உண்டு. ஆனால் ‘நமக்கு ஒன்றுமில்லை’ என்று முகக்கவசத்தைக் கழற்றும் 850 பேருக்குள் 54 பேர் வைரஸைச் சுமந்துகொண்டு வீட்டுக்குள் நடமாடுகிறார்கள்.

ஊரில் கோவிட்டே அரிதாக இருக்கும்போது நிலைமை தலைகீழாகும். எந்த அறிகுறியும் இல்லாத 10,000 பேரைச் சோதிக்கிறோம், அவர்களில் 50 பேருக்கு மட்டும் தொற்று என்றால், கிட் பிடிப்பது சுமார் 27 பேரை. மீதி 9,950 பேரில் அதே ஆயிரத்துக்கு நான்கு பேர் என்ற கணக்கில் தவறான பாசிட்டிவ் சுமார் 40. இரண்டு கோடுகள் விழுந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தொற்றே இருக்காது! அறிகுறியும் இல்லை, தொற்றாளர் யாருடனும் பழகவில்லை, ஊரிலும் கோவிட் இல்லை என்ற நிலையில் வந்த பாசிட்டிவை மட்டும் இன்னொரு நிறுவனத்தின் கிட்டிலோ ஆர்டி-பிசிஆரிலோ உறுதி செய்துகொள்வது நல்லது. கனடாவில் 2021இல் பணியிடங்களில் நடந்த ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட விரைவுப் பரிசோதனைகளை ஆராய்ந்தபோது, தவறான பாசிட்டிவ்கள் மொத்தம் 462 மட்டுமே. அவற்றிலும் பெரும்பகுதி இரண்டு பணியிடங்களில், ஒரே தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்த கிட்டுகளில் வந்தவை. பழுதான தொகுதி கையில் சிக்குவதும் உண்டு என்பதால்தான் வேறு நிறுவனத்தின் கிட் என்கிறேன்.

முதல் படி: நாளைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள்

பலர் தொண்டை கரகரத்த அன்று இரவே கிட்டைத் திறக்கிறார்கள். ஒரே கோடு விழுகிறது. மறுநாள் அலுவலகம் போகிறார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் அடிக்கும்போது, ‘அன்றைக்கே பார்த்துவிட்டேனே, கோவிட் இல்லை’ என்கிறார்கள். வீட்டுப் பரிசோதனையால் விளையும் தீங்கில் பெரும்பங்கு இந்த ஒரு பழக்கத்தால் வருவது என்பது என் உறுதியான எண்ணம்.

வைரஸ் உடலுக்குள் எப்படி வளர்கிறது என்பதை மிக நெருக்கமாகப் பார்த்த ஆய்வு ஒன்று பிரிட்டனில் நடந்தது. இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 36 இளம் தன்னார்வலர்களின் மூக்கில் வைரஸைச் சொட்டுவிட்டு, நாள்தோறும் கண்காணித்தார்கள். தொற்று ஏற்பட்டவர்களிடம் தொண்டையில் முதலில், சுமார் 40 மணி நேரத்தில், வைரஸ் தென்பட்டது. மூக்கில் தென்பட 58 மணி நேரம் ஆனது. வைரஸ் உச்சத்தைத் தொட்டது ஏறக்குறைய ஐந்தாம் நாளில். தொண்டை வலி தொடங்கிய நேரத்தில் மூக்கில் போதுமான வைரஸ் இல்லாமல் இருப்பது ஏன் என்பதற்கு இதில் விடை இருக்கிறது.

தடுப்பூசியும் முந்தைய தொற்றும் சேர்ந்து இந்த இடைவெளியை இன்னும் கூட்டியிருக்கின்றன. நம் உடல் இப்போது வைரஸை முன்பே அடையாளம் கண்டு எதிர்க்கத் தொடங்குவதால், காய்ச்சலும் இருமலும் சீக்கிரம் வந்துவிடுகின்றன; மூக்கில் வைரஸ் பெருகுவது அதற்குப் பிறகுதான். ஒமைக்ரான் காலத்தில் அமெரிக்காவில் நடந்த ஒரு ஆய்வு, வைரஸ் அளவு அறிகுறி தொடங்கிய நான்காம் நாளில்தான் உச்சம் அடைவதாகக் கணித்தது. முதல் நாளில் விரைவுப் பரிசோதனை பிடிப்பது 30 முதல் 60 சதவீதம் வரை, நான்காம் நாளில் 80 முதல் 93 சதவீதம் வரை என்பது அவர்கள் மதிப்பீடு.

அப்படியானால் நான்கு நாட்கள் காத்திருக்க வேண்டுமா? வீட்டில் இரண்டு கிட்டுகள் இருந்தால் காத்திருக்க வேண்டாம். அறிகுறி தோன்றிய அன்று அல்லது மறுநாள் ஒன்று, 48 மணி நேரம் கழித்து இன்னொன்று. கிட் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, உங்களுக்கு வேறு நோய்கள் எதுவும் இல்லை என்றால், தனியறையில் இருந்துகொண்டு அதை மூன்றாம் அல்லது நான்காம் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, புற்றுநோய்ச் சிகிச்சை போன்றவை உள்ளவர்களுக்கு இந்தக் காத்திருப்பு பொருந்தாது. கோவிட்டுக்கான வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை அறிகுறி தொடங்கிய ஐந்து நாட்களுக்குள் ஆரம்பித்தாக வேண்டும் என்பதால், அவர்கள் முதல் நாளே மருத்துவரிடம் பேசுவதும் ஆர்டி-பிசிஆர் எடுத்துக்கொள்வதும் மேல்.

அறிகுறி இல்லை, ஆனால் உடன் பயணித்தவருக்கோ உடன் தங்கியவருக்கோ கோவிட் என்று தெரியவந்தால், கடைசியாகச் சந்தித்த நாளிலிருந்து முழுதாக ஐந்து நாட்கள் கழித்துச் சோதியுங்கள். தகவல் கிடைத்த அன்றே ஓடிப்போய்ச் சோதிப்பதில் கிட் வீணாவதைத் தவிரப் பயனில்லை.

இரண்டாம் படி: கிட்டின் உடல்நிலையைப் பாருங்கள்

காலாவதி தேதியைப் பாருங்கள். பையின் ஒட்டு பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். இவை எல்லோருக்கும் தெரிந்தவை. நம் ஊரில் அதிகம் கவனிக்க வேண்டியது வெயில். பெரும்பாலான கிட்டுகளை 2 முதல் 30 டிகிரி வரையிலான வெப்பத்தில் வைக்க வேண்டும் என்று அட்டையிலேயே எழுதியிருக்கும். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் ஒரு பிற்பகல் கிடந்த கிட், கதவருகே கொரியர்காரர் வைத்துவிட்டுப் போன பொட்டலம், மின்சாரம் போன கடையின் மேல் தட்டு எல்லாமே இந்த வரம்பைத் தாண்டுபவை. அதிக வெப்பத்தில் இருந்த கிட்டுகள் தொற்றைக் கண்டுபிடிக்கும் திறனை இழப்பதை ஜெர்மனியில் ஆய்வு செய்து பார்த்திருக்கிறார்கள். குளிரில் பயன்படுத்தினால் சில கிட்டுகள் தவறான பாசிட்டிவ் காட்டுவதையும் அதே ஆய்வு கண்டது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தால், வெளியே எடுத்து அறை வெப்பத்துக்கு வரும்வரை பிரிக்காமல் வையுங்கள்.

உறையைப் பிரித்த பிறகு தாமதிக்க வேண்டாம். பட்டை காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். கடற்கரை ஊர்களில் இது இன்னும் விரைவாக நடக்கும்.

மூன்றாம் படி: மாதிரி எடுப்பது

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். முதலில் மூக்கைச் சிந்திவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். கிட்டுக்குள் இருக்கும் தாளை முழுதாகப் படியுங்கள். முன்பு வேறு நிறுவனத்தின் கிட்டைப் பயன்படுத்திய பழக்கத்தில் செய்யக் கூடாது. சொட்டுகளின் எண்ணிக்கையும் காத்திருக்கும் நேரமும் கிட்டுக்குக் கிட் மாறும்.

குச்சியின் பஞ்சு முனையை விரல் தொடக் கூடாது. தலையைச் சற்றே சாய்த்து, குச்சியை மூக்கின் தளத்துக்கு இணையாக, காதை நோக்கிப் போவதுபோல் உள்ளே விடுங்கள். நெற்றியை நோக்கி மேலே குத்த வேண்டாம். ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் உள்ளே போனதும், பஞ்சு உள்சுவரோடு அழுந்தும்படி வட்டமாகச் சுழற்றுங்கள். பல கிட்டுகள் ஐந்து சுற்று என்கின்றன. நடுவில் காற்றில் சுழலும் குச்சியில் ஒன்றும் ஒட்டாது; சுவரில் உரச வேண்டும். சரியாகச் செய்தால் கண்ணில் லேசாக நீர் கோக்கும், தும்மல் வருவதுபோல் இருக்கும். வலிக்கக் கூடாது. அதே குச்சியால் மறு மூக்குத் துளையிலும் இதையே செய்யுங்கள். வெளியே எடுத்ததும் பஞ்சைப் பாருங்கள்: ஈரமாகப் பளபளக்க வேண்டும். வறண்டு, உறையில் இருந்ததுபோலவே வெள்ளையாக இருந்தால் மாதிரி வரவில்லை என்று பொருள். ரத்தம் பட்டிருந்தால் அந்த மாதிரியை விட்டுவிட்டு, கசிவு நின்ற பிறகு புதிய கிட்டில் எடுங்கள்.

தொண்டையில் முதலில் வைரஸ் வருகிறதென்றால் தொண்டையையும் துடைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தொண்டையையும் மூக்கையும் சேர்த்து எடுத்தால் கண்டுபிடிக்கும் திறன் கூடுவதாகச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சில நாடுகளின் கிட்டுகள் அதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. ஆனால் மூக்குக்கு மட்டும் என்று எழுதியுள்ள கிட்டில் அதைச் செய்யாதீர்கள். அமிலம் பட்டால் பட்டையின் வேதியியல் கெட்டுவிடும். 2021இல் பிரிட்டனில் பள்ளி மாணவர்கள் ஆரஞ்சுச் சாற்றையும் கோலாவையும் பட்டையில் ஊற்றி வகுப்புக்குப் போகாமல் தப்பித்த கதை பரவியபோது விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்தார்கள். அமிலம் மிகுந்த பானம் நேராகப் பட்டால் உண்மையிலேயே இரண்டு கோடுகள் விழுந்தன. எலுமிச்சைச் சாறோ குளிர்பானமோ குடித்த தொண்டையின் மாதிரியை அதற்கென வடிவமைக்காத கிட்டில் விட்டால் வரும் முடிவை நம்ப இடமில்லை.

குச்சியைத் திரவக் குழாயில் விட்டு, குழாயின் பக்கங்களை விரலால் நெரித்தபடி தாளில் சொன்ன அளவு சுழற்றுங்கள். வெளியே எடுக்கும்போதும் நெரித்தபடியே இழுத்தால் பஞ்சில் உள்ள ஈரம் முழுதும் திரவத்தில் இறங்கும். திரவம் சிந்திவிட்டால் தண்ணீர் ஊற்றிச் சரிக்கட்டாதீர்கள். அந்தச் சிறு குழாயைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்; சில கிட்டுகளில் நச்சுத்தன்மையுள்ள பதப்படுத்தும் பொருள் சிறிதளவு இருக்கிறது. கண் சொட்டு மருந்துக் குப்பிபோல் இருப்பதால் வெளிநாடுகளில் அதைக் கண்ணில் விட்டுக்கொண்டவர்களே இருக்கிறார்கள்.

நான்காம் படி: கோட்டைப் படிப்பது

அட்டையைச் சமதளமான மேசையில் வைத்துச் சொட்டு விடுங்கள். அலைபேசியில் மணி வைத்துக்கொள்ளுங்கள். கோவிசெல்ஃப் போன்ற கிட்டுகளில் 15 நிமிடத்தில் பார்க்க வேண்டும், 20 நிமிடத்துக்கு மேல் பார்க்கக் கூடாது. முன்னதாகப் பார்த்தால் மெல்லிய கோடு உருவாகும் முன்பே நெகட்டிவ் என்று தூக்கிப் போட்டுவிடுவீர்கள். நெடுநேரம் கழித்துப் பார்த்தால், திரவம் காய்ந்த தடம் சாம்பல் நிறத்தில் கோடுபோல் தெரியும். அதற்குப் பொருள் இல்லை.

குறித்த நேரத்துக்குள் ‘டி’ இடத்தில் எவ்வளவு மங்கலாக ஒரு நிறக் கோடு இருந்தாலும் அது பாசிட்டிவ். சன்னல் வெளிச்சத்தில் அட்டையைச் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடி அணிபவர் அணிந்துகொண்டு பாருங்கள். ‘லேசாகத்தானே இருக்கிறது, லேசான கோவிட்’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மங்கலான கோடு, வைரஸ் ஏறிக்கொண்டிருக்கும் முதல் நாளாக இருக்கலாம், இறங்கும் நாளாகவும் இருக்கலாம், மாதிரி சரியாக எடுபடாததாலும் இருக்கலாம். ‘சி’ கோடு விழவே இல்லை என்றால் ‘டி’ எப்படி இருந்தாலும் அந்தக் கிட் செல்லாது. புதிதாக ஒன்று எடுங்கள்.

பாசிட்டிவ் வந்தால்

இருமல், காய்ச்சல், தொண்டை வலி இவற்றோடு இரண்டு கோடுகள் விழுந்தால் அது கோவிட். ஐசிஎம்ஆர் 2021இல் வெளியிட்ட அறிவுரையும் இதைத்தான் சொன்னது: வீட்டுப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்தவரை உண்மையான தொற்றாளராகவே கருத வேண்டும், மறுபரிசோதனை தேவையில்லை. ‘இன்னொரு தடவை பார்த்துவிடலாம்’ என்று அடுத்த கிட்டை எடுத்து, அதில் ஒரே கோடு விழுந்ததும் முதலாவதைத் தவறு என்று ஒதுக்குவது, நமக்குப் பிடித்த விடை வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பதாகும். பிடிக்காமல் தப்பவிடுவதுதான் இந்தக் கிட்டின் வழக்கமான குறை. இல்லாததைக் காட்டுவது அரிது என்பதை நினைவில் வையுங்கள்.

நெகட்டிவ் வந்தால்

சேலத்தில் ஒரு வீடு. டயாலிசிஸ் செய்துகொள்ளும் பாட்டி. பெங்களூரில் வேலை பார்க்கும் பேரன் வெள்ளி இரவு பஸ் ஏறிச் சனிக்கிழமை காலை வருகிறான். அன்று மாலை தொண்டை வலிக்கிறது. அம்மா உடனே கிட் வாங்கி வருகிறார், ஒரே கோடு. ‘ஒன்றுமில்லை, போய்ப் பாட்டியோடு உட்கார்’ என்கிறார். அந்த வீட்டில் உண்மையில் நடக்க வேண்டியது என்ன?

சனிக்கிழமை நெகட்டிவ் சொல்வது, இந்த மாலையில் இந்த மூக்கில் பட்டை பார்க்கும் அளவுக்கு வைரஸ் புரதம் இல்லை என்பதுதான். தொண்டை வலி தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் இது பாதிப் பேருக்கு இப்படித்தான் வரும். எனவே பேரன் தனியறையில் தங்குகிறான், வெளியே வந்தால் முகக்கவசம், பாட்டிக்குச் சாப்பாடு கொண்டுபோவது அம்மா. திங்கள் மாலை இரண்டாவது கிட். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2022 ஆகஸ்டில் தந்த பரிந்துரை இதுவே: அறிகுறி உள்ளவர் 48 மணி நேர இடைவெளியில் குறைந்தது இரண்டு முறை, அறிகுறி இல்லாதவர் அதே இடைவெளியில் மூன்று முறை. அதற்கு அடிப்படையான ஆய்வில், அறிகுறி உள்ளவர்கள் இரண்டு முறை சோதித்தபோது தொற்றைப் பிடிக்கும் திறன் 90 சதவீதத்தைத் தாண்டியது. அறிகுறி இல்லாதவர்கள் மூன்று முறை சோதித்தும் 79 சதவீதம்தான்.

திங்களன்று இரண்டு கோடுகள் விழுந்தால், பாட்டி தப்பித்தார். மறுபடியும் ஒரே கோடு, ஆனால் காய்ச்சலும் வந்துவிட்டது என்றால், இந்த வீட்டைப் பொறுத்தவரை அடுத்த வேலை ஆர்டி-பிசிஆர். டயாலிசிஸ் நோயாளி இருக்கும் வீட்டில் 10 சதவீதத் தவறுக்குக்கூட இடம் கொடுக்கக் கூடாது. அறிகுறி உள்ளவருக்கு வீட்டுப் பரிசோதனையில் நெகட்டிவ் வந்தால் உடனே ஆர்டி-பிசிஆர் செய்ய வேண்டும், முடிவு வரும்வரை சந்தேகத் தொற்றாளராகவே நடந்துகொள்ள வேண்டும் என்று இன்னும் கண்டிப்பாகவே சொன்னது ஐசிஎம்ஆரின் 2021 அறிவுரை. பேரனுக்குக் கோவிட் இல்லாமல் ஃப்ளூவாக இருந்தாலும் பாட்டிக்கு அதுவும் ஆபத்தானதுதான். கிட் நெகட்டிவ் என்பதால் இருமிக்கொண்டே அருகில் உட்காரும் உரிமை யாருக்கும் வந்துவிடுவதில்லை.

அறிகுறியே இல்லாதவர் முதியோர் இல்லத்துக்கோ பச்சிளம் குழந்தையைப் பார்க்கவோ போகும்முன் சோதிப்பதும் பயனுள்ளதே. ஆனால் முந்தின நாள் செய்ததை வைத்துக்கொண்டு போகாமல், புறப்படும் முன் அன்றே செய்யுங்கள். சில மணி நேரங்களில் நிலைமை மாறிவிடும் என்பதால், அந்த நெகட்டிவின் ஆயுள் மிகக் குறைவு. அதோடு முகக்கவசமும் திறந்த சன்னலும் வேண்டும்.

தனிமையிலிருந்து வெளியே வர

இதற்கு வீட்டுக் கிட் ஆர்டி-பிசிஆரைவிட நல்ல வழிகாட்டி என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். நோய் தீர்ந்த பிறகும் மரபணுத் துணுக்குகள் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில்கூட, ஆர்டி-பிசிஆரில் தெரிந்துகொண்டிருக்கும். உயிருள்ள வைரஸ் மூக்கில் இருக்கும் நாட்களோடு ஆன்டிஜென் கோடு அதைவிட நெருக்கமாக ஒத்துப்போகிறது. பிரிட்டன் தன்னார்வலர் ஆய்விலும் இது தெரிந்தது. காய்ச்சல் விட்ட பிறகு, ஆறாம் நாளிலிருந்து 48 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை ஒரே கோடு விழுந்தால் நிம்மதியாகப் பழகத் தொடங்கலாம். பத்தாம் நாளிலும் ‘டி’ கோடு அழுத்தமாக விழுந்தால், நோயெதிர்ப்புத் திறன் குறைந்தவர்களிடமிருந்து இன்னும் சில நாட்கள் விலகியே இருங்கள்.

உருமாறிய வைரஸ்களைப் பழைய கிட்டுகள் பிடிக்குமா என்ற கேள்வி ஒவ்வொரு அலையிலும் எழுகிறது. உருமாற்றங்களில் பெரும்பாலானவை வைரஸின் வெளிப்புற முள் புரதத்தில் நடக்கின்றன. கிட் தேடுவது உள்ளே இருக்கும் நியூக்ளியோகாப்சிட்டை. அதனால் ஒமைக்ரானையும் அதன் வாரிசுகளையும் இந்தக் கிட்டுகள் தொடர்ந்து கண்டுபிடித்து வருகின்றன.

கடைசியாக, கிட்டைத் திறக்கவே கூடாத நேரம் ஒன்று உண்டு. மூச்சு வாங்குகிறது, நெஞ்சு அழுத்துகிறது, பேச்சு குழறுகிறது, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 94க்குக் கீழே காட்டுகிறது என்றால் பதினைந்து நிமிடம் கோட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். 108க்கு அழையுங்கள். எந்த நோய் என்பதை மருத்துவமனையில் பார்த்துக்கொள்வார்கள்.